அம்பு லாப்சாவுக்கு யார் போவது

யாங்ஜென் எந்தச் சிகரத்திலும் கால் வைத்தவள் இல்லை. எவரெஸ்ட் போகும் வழியில், பாங்போச்சே கிராமத்தில் அவள் அப்பா நடத்திய விடுதியின் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்த மலைகளோடு சரி. ஆனாலும் காத்மாண்டுவில், மாஸ்கே நடத்துகிற மலையேற்ற நிறுவனத்தில், யார் எந்த மலைக்கு எந்த வழியாகப் போவது என்று திட்டம் போடுகிறவள் அவள்தான். சின்ன வயதில் விடுதிக்கு வந்த ஆட்களுக்குத் தேநீர் கொடுத்தபடியே, மேலே போகும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது, இறங்கி வரும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவள். யாரை எங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கவைக்க வேண்டும் என்பது அவளுக்குக் கைவந்த விஷயம்.

அந்த ஐப்பசியில் டென்மார்க்கிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. ஒரே பயணத்தில் இரண்டு சிகரம் வேண்டும் என்றார்கள். முதலில் மேரா. அது உயரம் அதிகம் என்றாலும் ஏறுவது சுலபம். உடம்பை மெல்லிய காற்றுக்குப் பழக்கிவிடும். அங்கிருந்து ஊரே இல்லாத ஹோங்கு பள்ளத்தாக்கு வழியாக நடந்து, அம்பு லாப்சா கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் சுக்குங் கிராமம். அங்கேதான் இரண்டாவது மலை, ஐலண்ட் பீக். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். நடுவில் கிடப்பது அந்தக் கணவாய். ஒரு பக்கம் பனிப்படி, மறுபக்கம் செங்குத்துப் பாறை. ஆளையும் மூட்டையையும் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும்.

குழுவில் பாதிப் பேருக்கு மேரா மட்டும் போதும். அவர்கள் வந்த வழியே, விமானம் இறங்கும் லுக்லாவுக்குத் திரும்புவார்கள். மீதிப் பேர் கணவாய்க்குப் போவார்கள். ஆகவே இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். திரும்புகிறவர்களோடு கியால்ஜென், கணவாய்க்குத் தெண்டி என்று மாஸ்கே முதலிலேயே சொல்லிவிட்டார். தெண்டி யாங்ஜெனின் கணவன். அந்தக் கணவாயைப் பல தடவை தாண்டியவன். கியால்ஜென் அவனைவிட இளையவன். தெண்டிக்குக் கீழே உதவியாளாக இரண்டொரு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறான். இரண்டு குடும்பமும் காத்மாண்டுவின் பௌத்தா பகுதியில், பெரிய ஸ்தூபிக்குப் பக்கத்தில் ஒரே கட்டடத்தில், மேல் மாடியும் கீழ் மாடியுமாகக் குடியிருந்தன.

யாங்ஜென் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தாள், ஒரு மாலை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும் வரைக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் தெண்டியும் கியால்ஜெனும் உட்கார்ந்து சாங் என்ற தானியக் கள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போன வருஷம் அம்பு லாப்சாவுல கயிறு கட்டியிருந்த ஆணி புடுங்கிக்கிட்டு வந்துச்சு பாரு," என்றான் தெண்டி. "ஒத்தக் கையில பாறையைப் புடிச்சுத் தொங்குறேன். கீழ பார்த்தா என் ஷூவும் தெரியல, ஒண்ணும் தெரியல."

"நான் மேலேந்து பார்த்தேனே அண்ணே. முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். அண்ணிகிட்ட எப்படிப் போய்ச் சொல்றதுன்னு வார்த்தை தேட ஆரம்பிச்சுட்டேன்."

"அவகிட்ட சொல்லிடாதடா. அப்புறம் என்னை உருளைக்கிழங்கு விக்க அனுப்பிடுவா."

இருவரும் சிரித்தார்கள். யாங்ஜென் பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். போன வருஷம் அவன் திரும்பி வந்தபோது கேட்டிருந்தாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லி, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினான். அவளும் நம்பினாள்.

மறுநாள் அலுவலகத்தில் திட்டத்தைத் திறந்தவளுக்குக் கணவாய் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதக் கை வரவில்லை. சமையல்காரர் பெயர், சுமை தூக்குகிறவர்கள் பெயர், கூடாரக் கணக்கு எல்லாம் எழுதினாள். அந்த ஓரிடத்தை மட்டும் விட்டுவிட்டு எழுந்து போய் மாஸ்கே முன்னால் நின்றாள்.

"சார், தெண்டிக்கு முட்டி சரியில்ல. இறக்கத்துல ரொம்ப வலிக்குதாம். வெளிய சொல்ல வெக்கப்படறான். லுக்லா திரும்புற குழுவோட அவனை அனுப்பிடுங்க."

மாஸ்கே கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ கணவாய்க்கு யாரு?"

"கியால்ஜென். அவன் தயாராத்தான் இருக்கான் சார். எத்தனை நாளைக்கு உதவியாளாவே இருப்பான்?"

"உனக்கு நம்பிக்கை இருக்கா?"

"இருக்கு."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. கியால்ஜென் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் கெட்டிக்காரன் என்பதற்காக அவன் பெயரைத் தான் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று இரவு வீட்டில் அவள் சொன்னதும் தெண்டிக்கு முகம் சுண்டிப்போனது. "ஏன் மாத்தினாங்களாம்?"

"சார் முடிவு. அவனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணுமாம்."

"கொடுக்கட்டும். ஆனா இந்தத் தடவை நானும் கூடப் போகணும். வழி காட்டாம எப்படித் தெரியும் அவனுக்கு?" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அதோடு பேச்சு முடிந்தது.

கியால்ஜெனின் மனைவி பூத்தி மறுநாள் மாலை கீழே இறங்கி வந்தாள். சுற்றுலாக்காரர்கள் திரியும் தாமேல் கடைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுப்பவள். எந்நேரமும் விரலிடுக்கில் நூல் ஓடிக்கொண்டிருக்கும். அன்று கையில் நூல் இல்லை. ஒரு கையில் துணி மூடிய தட்டு நிறைய ரிகிகுர், உருளைக்கிழங்கைத் துருவிக் கல்லில் ஊற்றிச் சுட்டது, மேலே வெண்ணெய் உருகி வழிந்தது. இன்னொரு கையில் மரியாதைக்குப் போடும் வெள்ளைப் பட்டுச் சால்வை. சால்வையை யாங்ஜென் கழுத்தில் போட்டாள்.

"என்னடி இது? எனக்கு எதுக்கு?"

"வேற யாருக்குப் போடுவேன்? மாஸ்கே சார் சொல்லிட்டார், நீங்கதான் சொன்னீங்கன்னு. தலைமை வழிகாட்டி, அக்கா. காலையிலேந்து அதையே சொல்லிட்டுக் கண்ணாடி முன்னால நிக்கிறார். பல் வெளக்கும்போதும் தலைமை வழிகாட்டி."

யாங்ஜென் சிரித்தாள். ரிகிகுரைப் பிய்த்து வாயில் வைத்தாள். மீதித் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். பூத்தி போனபின் சால்வையை மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல், கடவுள் படத்தின் மேல் போட மனம் வராமல், மெத்தைக்கு அடியில் வைத்தாள்.

குழு கிளம்பியது. மேரா நன்றாக முடிந்தது. தெண்டி தன் ஆட்களோடு திரும்பி லுக்லாவை அடைந்தான். கியால்ஜென் மீதிப் பேரோடு ஹோங்கு பள்ளத்தாக்கில் நடந்து, கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டான். அங்கிருந்து செயற்கைக்கோள் போனில் பேசினான். "எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணி. வானம் கண்ணாடி மாதிரி இருக்கு."

அந்தச் சமயத்தில்தான் வங்காள விரிகுடாவில் கிளம்பிய புயல் கரையேறி, வலுவிழந்து, மிச்ச மேகத்தையெல்லாம் கொண்டுவந்து இமயத்தில் கொட்டியது. காத்மாண்டுவில் விடாத மழை. மேலே பனி. லுக்லாவில் விமானம் நின்றது. கியால்ஜெனின் போன் அடித்து அடித்து ஓய்ந்து, பிறகு அடிக்கவும் இல்லை.

பூத்தி தினமும் காலையில் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். யாங்ஜென் மேசைக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பின்னத் தொடங்குவாள். ஒரு தொப்பியை முடிப்பாள். சரியில்லை என்று பிரிப்பாள். யாங்ஜென் போனை எடுக்கும்போதெல்லாம் ஊசி நிற்கும்.

"நீங்க சாப்பிடவே இல்லையே அக்கா," என்றாள் ஒரு நாள், தான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தபடி. "உங்க வீட்டுக்காரர் லுக்லாவுல பத்திரமா இருக்கார் இல்ல? அப்புறம் நீங்க ஏன் இப்படி ஆயிட்டீங்க? இவருக்காகவா? இவர் வந்துடுவார். தலைமை வழிகாட்டி இல்லையா, வராம இருப்பாரா?"

யாங்ஜென் சட்டென்று எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக. தெண்டி பத்திரமாக இருக்கிறான் என்ற நினைப்பு ஒவ்வொரு தடவையும் முதலில் வந்து நெஞ்சைக் குளிர்வித்துவிட்டுத்தான் போனது. அதை அவளால் தடுக்க முடியவில்லை. எதிரே ஒருத்தி உட்கார்ந்து தொப்பியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதும் தடுக்க முடியவில்லை.

அன்று மதியம் தெண்டியிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கியது.

"எங்க இருக்கே? விமானம் வந்துடுச்சா?"

"நாம்சே தாண்டிட்டேன். ஆட்களை லுக்லா விடுதியில விட்டுட்டேன், அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான் சுக்குங் போறேன். அங்கேந்து ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுக் கணவாய்க்கு மேல ஏறிப் பார்க்கணும். திரும்புற வழி முழுக்கப் பனி இடுப்பு வரைக்கும் கெடக்குதாம். அவன் திரும்ப மாட்டான். இந்தப் பக்கம்தான் இறங்குவான்."

"ஹெலிகாப்டர் போகட்டுமே," என்றாள்.

"மேகம் எறங்கிக் கெடக்கு. எதுவும் பறக்காது. நான் வெக்கிறேன்."

யாங்ஜென் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எந்த இடத்தில் அவன் பெயரை எழுதாமல் விட்டாளோ, அந்த இடத்துக்கு அவன் தானாக நடந்து போய்க்கொண்டிருந்தான். அதுவும் பனி பெய்து முடிந்த கையோடு.

மேலே நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. கியால்ஜென் கூடாரத்தில் முடிந்தவரை காத்திருந்தான். உணவும் மண்ணெண்ணெயும் தீரத் தொடங்கியதும், வானம் கொஞ்சம் வெளுத்த ஒரு காலையில் எல்லோரையும் கிளப்பினான். உச்சிவரை கொண்டுவந்து சேர்த்துவிட்டான். இறங்கும் இடம்தான் அகப்படவில்லை. கயிறு கட்டும் பாறை பனிக்குள் புதைந்திருந்தது. இங்கே தோண்டி, அங்கே தோண்டி, காற்றில் வெகுநேரம் தேடினான். சுமை தூக்கும் ஒருவனுடைய கையுறை காற்றோடு போய்விட்டது. கியால்ஜென் தன் கனத்த உறையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டான். பிறகு மெல்லிய உறையோடு, முடிச்சுப் போடும்போது அதுவும் இல்லாமல், ஒவ்வொருவராகக் கீழே இறக்கினான். கடைசியாக அவன் இறங்கும்போது கீழிருந்து தெண்டியின் குரல் கேட்டதாம். பிரமை என்று நினைத்தானாம்.

எல்லோரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். டென்மார்க்காரர்கள் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். மேகம் விலகியதும் ஹெலிகாப்டர் அவனைக் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பின. குளிரில் உறைந்து கருகிய மற்ற மூன்றையும் மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள்.

தெண்டி ஊர் திரும்பிய அன்றே அவனும் யாங்ஜெனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பூத்தி கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கியால்ஜென் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு சிரித்தான்.

"வா அண்ணே. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு எப்படி அவ்வளவு தூரம் ஓடி வந்தே? நானே கேக்கணும்னு இருந்தேன்."

"எந்த முட்டி?" என்றான் தெண்டி.

"வலிக்குதுன்னு மாஸ்கே சார் சொன்னாரே. அதனாலதானே நீ இந்தப் பக்கம் வரல."

தெண்டி யாங்ஜென் பக்கம் திரும்பவில்லை. சன்னலைப் பார்த்தான். "ஆமா. இப்போ பரவாயில்ல," என்றான். பூத்தியின் கை ஆரஞ்சுத் தோலின்மேல் ஒரு கணம் நின்று, மறுபடி உரிக்கத் தொடங்கியது.

வெளியே வாசலில் டாக்ஸிக்காரர்கள் இரைச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். தெண்டி எந்த டாக்ஸியையும் கூப்பிடாமல் நடந்தான். அவளும் பின்னால் நடந்தாள்.

"நீதானே?"

"ஆமா. மாடியில நீ பேசினதைக் கேட்டுட்டேன். ஆணி புடுங்கினதை."

"பனி மூடினா அங்க இடது பக்கப் பாறையை ஒட்டிப் போகணும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. தெரியாதது அவன் தப்பில்ல."

"உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆயிருந்தா எனக்கு ஆயிருக்கும்."

கொஞ்ச தூரம் போனபின், "என்கிட்ட கேட்டிருக்கலாம்," என்றான். "போகாதேன்னு சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். அவ்வளவுதானே?"

அவன் யாரிடமும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேநீர்க் கடையில் மற்ற வழிகாட்டிகள் அவனைச் சீண்டினார்கள். "என்ன தெண்டி, கணவாய்னா முட்டி வலி, சுக்குங்ல சூப்புன்னா ஓட்டமா?" என்றான் ஒருவன். யாங்ஜென் அப்போது பக்கத்துக் கடையில் காய் வாங்கிக்கொண்டிருந்தாள். தெண்டி சிரித்துக்கொண்டே, "வயசாச்சில்ல," என்று கிளாஸை எடுத்தான். அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முள்ளங்கிக் கட்டை வாங்க மறந்து அவள் வீட்டுக்கு நடந்தாள்.

மாஸ்கேயிடம் உண்மையைச் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தாள். அப்படி நிறுத்தினால் நல்லது என்றும் நினைத்தாள். அவர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். "என் பையன் போக வேண்டியதா இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்," என்றார். "திட்டத்துல தப்பில்ல. காத்திருக்கிற நாள் வெச்சிருந்தே, உணவு கூடுதலா அனுப்பியிருந்தே. புயலுக்கு நீ என்ன பண்ணுவே? போ, வேலையைப் பாரு." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இன்னும் கொஞ்சம் கனம் ஏறினதுபோல் அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

கடைசியில் பூத்தியிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆனது. மாலையில் ஸ்தூபியைச் சுற்ற இருவரும் சேர்ந்து போவது வழக்கம். கியால்ஜென் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள், ஜனத்தோடு ஜனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டாள். முட்டி பொய் என்று. தெண்டியைக் காப்பாற்றத்தான் கியால்ஜென் பெயரை எழுதினேன் என்று. பூத்தி நடையை நிறுத்தவில்லை. கூட்டம் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது, நிற்கவும் முடியாது.

"ஆஸ்பத்திரியிலேயே தெரியும்," என்றாள் பூத்தி.

"பூத்தி..."

"உங்க முகத்தைப் பார்த்தேன். அவர் முட்டின்னு சொன்னப்போ. இத்தனை நாளா நீங்களா வந்து சொல்ல மாட்டீங்களான்னு காத்திருந்தேன். இப்போ சொல்லிட்டீங்க. உங்களுக்குக் கொஞ்சம் எறங்கியிருக்கும். நான் இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது அக்கா? வீட்டுக்குப் போய் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடணும்."

யாங்ஜென் அழுதாள். பூத்தி அழவில்லை.

"நான் அவர்கிட்டயும் சொல்றேன். மன்னிப்புக் கேக்கிறேன்."

இப்போதுதான் பூத்தி நின்றாள். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தபடி விலகிப் போனார்கள். "சொல்லிடாதீங்க. நீங்க தன்னை நம்பிக் கொடுத்த வேலைன்னு அவர் நெனச்சிட்டு இருக்கார். முட்டி வலின்னாலும் வேற எத்தனை பேர் இருந்தாங்க, என்னைத்தானே அண்ணி சொன்னாங்கன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்றார். விரல் போச்சு. அதுவும் போகணுமா? உங்களுக்கு மனசு லேசாகணும்னு?"

அதற்குப் பிறகு பல வாரம் பூத்தி கீழ் மாடிக்கு வரவில்லை. படியில் பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுவாள். அப்படி ஒதுங்குவது அந்நியருக்குச் செய்கிற மரியாதை. யாங்ஜெனின் மகள், பூத்தி சித்தி ஏன் தொப்பி பின்னித் தரவில்லை என்று கேட்டது. அம்மா பின்னித் தருகிறேன் என்று சொல்லி நூல் வாங்கி வந்தாள். இரண்டு வரிசைக்கு மேல் ஓடவில்லை.

லோசார் புத்தாண்டு கழிந்தபின் ஒரு காலை பூத்தி அலுவலகத்துக்கே வந்தாள். முக்காலியில் உட்காரவில்லை.

"அவருக்கு வீட்டுல சும்மா இருந்து பைத்தியம் புடிக்குது. நூல் சுத்தித் தர்றேன்னு வர்றார், சிக்கல் போடறார். அவருக்கு இங்க ஒரு நாற்காலி போடுங்க. உங்க பக்கத்துல. வழி தெரியும், எங்க என்ன நடக்கும்னு தெரியும். திட்டம் போட அது போதாதா?"

"போதும். மாஸ்கே சார்கிட்ட நான் பேசறேன்."

"தயவு பண்றதா நெனச்சுப் பேசாதீங்க. வேலைன்னு பேசுங்க." கதவுவரை போனவள் திரும்பினாள். "நீங்க தினமும் அந்தக் கையைப் பார்க்கணும் அக்கா. நான் பார்க்கிறேன் இல்ல."

அப்படித்தான் கியால்ஜென் யாங்ஜெனுக்குப் பக்கத்து நாற்காலிக்கு வந்தான். இடது கையால் தட்டெழுதக் கற்றுக்கொண்டான். இரண்டு மலையை ஒரே விடுமுறையில் முடிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்கு, ஹோங்கு பள்ளத்தாக்கில் சும்மா உட்கார நாள் ஒதுக்காவிட்டால் ஒரு மலையோடு திருப்திப்படுங்கள் என்று அவனே பதில் எழுதுவான். சிலர் வேறு நிறுவனத்துக்குப் போனார்கள். மாஸ்கே முகத்தைச் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை. வசந்தகாலத்துக் கணவாய்ப் பயணத்துக்குத் தெண்டியின் பெயரை யாங்ஜென் தானே எழுதினாள். எழுதி முடித்துவிட்டு அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். போகாதே என்று வாய்விட்டுச் சொன்னாள். அவன் சண்டை போட்டான். பிறகு போனான். இளம் வழிகாட்டிகள் இரண்டு பேரைக் கூடவே கூட்டிப்போய், பனி மூடினால் எந்தப் பாறையை ஒட்டி நடப்பது என்று காட்டிவிட்டு வந்தான்.

பூத்தி இப்போது படியில் ஒதுங்குவதில்லை. மழை வருகிறது, துணியை எடுங்க என்பதுபோல் இரண்டொரு வார்த்தை பேசுவாள். அதற்கு மேல் வளரவில்லை. யாங்ஜெனும் கேட்கவில்லை.

ஒரு நாள் இத்தாலியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மேராவும் ஐலண்ட் பீக்கும் சேர்த்து ஏற வேண்டும், இலையுதிர்காலத்தில். கியால்ஜென் சுவர் வரைபடத்தின் முன்னால் நின்று வழியைக் காட்டினான். அந்தப் பெண்ணின் கண் அவன் கையிலேயே இருந்தது. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டாள். அவன் கூச்சப்படவில்லை. புயலைச் சொன்னான், பனியில் புதைந்த பாறையைச் சொன்னான், ஒவ்வொருவராக இறக்கியதைச் சொன்னான். "நான்தான் தலைமை வழிகாட்டி," என்றான். "அதுதான் எனக்கு முதல் தடவை. வேற எத்தனையோ பேர் இருந்தாங்க. இவங்கதான் என்னைச் சொன்னாங்க."

இத்தாலிக்காரர்கள் யாங்ஜெனைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல தேர்வு என்றார் அந்த மனிதர்.

"ஆமா," என்றாள் யாங்ஜென். தேநீர் கொண்டுவர எழுந்து உள்ளே போனாள்.